214 குறிப்புகள், அதில் தொலைந்த ஒன்று

5 மாதத்தில் முடித்துவிடலாம் என்று இரண்டு பேர் சேர்ந்து தொடங்கிய ஒரு தொழில்நுட்பக் கையேடு 16 மாதம் இழுத்தது. தொழில்நுட்பத்தில் எங்களுக்குள் ஒரு வேறுபாடும் இல்லை. "நாம்" என்று எழுதுவதா "நீங்கள்" என்று எழுதுவதா, ஃபைலா கோப்பா, ஒரு வாக்கியம் எவ்வளவு நீளம் போகலாம், இவற்றுக்குத்தான் அந்த 11 மாதமும் போனது. நடுவில் 7 வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. பக்க வடிவமைப்பை இரண்டு முறை செய்ய வேண்டி வந்தது. இரண்டாம் முறைக்கான கூலியை நான் கையிலிருந்து கொடுத்தேன். அந்த மாத வருமானத்தில் ஏறக்குறைய கால்வாசி. இதையெல்லாம்விட இன்றும் உறுத்துவது ஒன்று இருக்கிறது. எங்கள் வரைவை நம்பி வேலை செய்த ஒருவருக்கு அவருடைய தரவு போய்விட்டது. அதற்குக் காரணமான வாக்கியத்தை நான் முன்பே கண்டுபிடித்திருந்தேன். குறிப்பும் எழுதியிருந்தேன். ஆனாலும் அது அப்படியே போனது.

கையேடு பேக்கப் பற்றியது. சொந்தமாக ஒரு சர்வர் வைத்திருந்தும் அதைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் இல்லாத சிறிய அலுவலகங்களுக்கானது. தரவை எப்படி நகலெடுப்பது, எங்கே வைப்பது, போய்விட்டால் எப்படி மீட்பது என்று 12 இயல்கள், ஆளுக்கு 6. என்னோடு எழுதியவர் என்னைவிட 12 வயது மூத்தவர். 18 ஆண்டுகளாகப் பயிற்சி வகுப்பு எடுக்கிறவர். நான் ஒரு காலத்தில் அவரிடம் படித்தவன், இன்றும் "சார்" என்றுதான் கூப்பிடுகிறேன். நான் வகுப்பே எடுத்ததில்லை. நள்ளிரவில் சர்வர் படுத்துவிட்டால் தூக்கத்திலிருந்து எழுப்பப்படுகிற ஆள் நான். இந்த வித்தியாசம் எழுத்தில் அப்படியே தெரிந்தது. சார் எழுதினால், "இப்போது நாம் முதலில் சர்வரை நிறுத்திவிட்டு, தரவை நகலெடுத்து, அதை வெளி டிஸ்க்கில் வைக்கப் போகிறோம்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போகும். நான் எழுதினால், "சர்வரை நிறுத்தவும். நகலெடுக்கவும். வெளி டிஸ்க்கில் வைக்கவும்" என்று இருக்கும். அவருடையது வளவளவென்று இருப்பதாக எனக்குப் பட்டது. என்னுடையது மருந்துச்சீட்டு மாதிரி இருப்பதாக அவருக்குப் பட்டது. தொடங்குவதற்கு முன் இருவரும் ஒரே இரண்டு பக்கத்தைத் தனித்தனியாக எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் முதல் நாளே இது தெரிந்திருக்கும். நாங்கள் பொருளடக்கம் பேசினோம், யாருக்கு எந்த இயல் என்று பேசினோம், எப்படி எழுதப் போகிறோம் என்று மட்டும் பேசவில்லை.

முதல் தவறு என்னுடையது. சாருடைய இரண்டாம் இயல் வந்ததும் ஒரே இரவில் உட்கார்ந்து முழுவதையும் "சரிசெய்து" பொதுக் கோப்பில் போட்டுவிட்டேன். உதவி செய்ததாகத்தான் உண்மையிலேயே நினைத்தேன். மறுநாள் காலை சார் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. "இதுல என் வாக்கியம் ஒண்ணுகூட இல்லையேப்பா. அப்புறம் எதுக்கு என் பேரு?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல், படிக்க எளிதாகத்தானே ஆகியிருக்கிறது என்று வாதாடினேன். அடுத்த வாரம் என்னுடைய ஐந்தாம் இயலில் ஒவ்வொரு படிக்கும் முன்னால் ஒரு முன்னுரை முளைத்திருந்தது. நான் அதை அழித்தேன். அவர் மறுபடி சேர்த்தார். இப்படியே ஒன்றரை மாதம்.

இதில் கருவியும் எங்களுக்கு எதிராக இருந்தது. யார் எதை மாற்றினார்கள் என்று பதிவு வைக்கும் கிட் என்ற மென்பொருளில்தான் நாங்கள் எழுதினோம். அது மாற்றங்களை வரி வரியாகக் காட்டும்; நீக்கிய வரி சிவப்பு, சேர்த்த வரி பச்சை. ஒரு பத்தி முழுவதையும் ஒரே வரியாக எழுதியிருந்ததால், ஒரு கமாவை மாற்றினாலும் பத்தி முழுவதும் சிவப்பாகி, பத்தி முழுவதும் பச்சையாக வந்து நின்றது. நான் 3 சொல் மாற்றியிருந்தாலும் பார்ப்பவருக்கு மொத்தத்தையும் அடித்துத் திருத்திவிட்ட மாதிரிதான் தெரியும். ஒவ்வொரு வாக்கியத்தையும் புது வரியில் தொடங்குங்கள் என்று கணினி அறிஞர் பிரையன் கெர்னிகன் 1974-இலேயே யூனிக்ஸ் என்ற இயங்குதளம் பற்றிய அறிமுகக் கட்டுரையில் எழுதிவிட்டார். அச்சில் அது பத்தியாகத்தான் வரும், திருத்தும்போது மட்டும் தனித்தனியாக நிற்கும். இதை முதல் நாளே செய்யுங்கள். நாங்கள் ஒன்பதாம் மாதம்தான் செய்தோம். செய்ததும் பாதிச் சூடு தணிந்தது; அடுத்தவர் உண்மையில் எவ்வளவு குறைவாகத்தான் தொட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

ஒருவர் எழுதியதை மற்றவர் நேரடியாகத் தொடுவதில்லை, ஓரத்தில் குறிப்பு மட்டும் எழுதலாம் என்று ஒருவழியாக முடிவுக்கு வந்தோம். நல்ல முடிவுதான். ஆனால் மனதில் இருந்த எரிச்சலையெல்லாம் நான் அந்தக் குறிப்புகளில் கொட்டினேன். சாருடைய எட்டாம் இயலுக்கு மட்டும் 214 குறிப்புகள். "இங்கே கமா வேண்டாம்." "இந்தச் சொல் மேலே வந்துவிட்டது." "நீளம்." "நீளம்." "மறுபடி நீளம்." அவற்றுக்கு நடுவில், 137-ஆவது குறிப்பு இந்த வாக்கியத்தைப் பற்றியது: "புதிய நகல் எடுத்து முடித்ததும், இடம் போதவில்லை என்றால் பழைய நகலை நீக்கிவிட்டு, புதிய நகல் சரியாகத் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்." வரிசை தலைகீழாக இருக்கிறது. புதியது திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பழையதில் கை வைக்க வேண்டும். அதோடு "பார்த்துக்கொள்ளலாம்" என்றால் பார்க்காமலும் விடலாம் என்றாகிறது. நான் எழுதியிருந்தது: "வரிசை மாற வேண்டும், பார்ப்பது முதலில்." அவ்வளவுதான். 136-ஆவது குறிப்பு கமா பற்றியது, 138-ஆவது மறுபடி "நீளம்". மூன்றும் ஒரே எழுத்தில், ஒரே குரலில் இருந்தன.

சார் முதல் 40 குறிப்புகளுக்குப் பொறுமையாகப் பதில் எழுதினார். பிறகு ஒரே வரி: "மீதி எல்லாம் ரசனை விஷயம். என் நடையிலேயே இருக்கட்டும்." எல்லாவற்றையும் மூடிவிட்டார். நான் உடனே போனில் கூப்பிட்டு, 137 அப்படி இல்லை சார் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்தது ரோஷம். "சரி" என்று ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்பினேன். அந்த 7 வார மௌனம் அன்றுதான் தொடங்கியது. அதே வாரத்தில், வேலை நின்றுவிடக் கூடாது என்று எட்டாம் இயல் உட்பட வரைவை இரண்டு பேருக்குப் படித்துச் செய்து பார்க்கக் கொடுத்தவனும் நான்தான். அவர்களில் ஒருவர் ஒரு சிறிய அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர். எழுதியிருந்தபடியே செய்தார். டிஸ்க்கில் இடம் போதாமல் புதிய நகல் பாதியில் நின்றிருந்தது. அவர் பழையதை நீக்கினார். "பார்த்துக்கொள்ளலாம்" என்றதால் அப்புறம் பார்க்கலாம் என்று விட்டார். 9 நாள் கழித்து சர்வரின் டிஸ்க் போனது. முந்தைய ஆண்டுகளின் கணக்கு வேறோர் இடத்தில் இருந்ததால் தப்பியது. நடப்பு ஆண்டின் 5 மாதக் கணக்கைக் காகித பில்களைப் பார்த்து மறுபடி ஏற்ற அவருக்கு 3 வாரம் ஆனது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "நான் சரியாப் படிக்கலையோ?" என்றுதான் கேட்டார். அவர் சரியாகத்தான் படித்திருந்தார்.

விஷயம் தெரிந்ததும் சார்தான் முதலில் கூப்பிட்டார். "யாரு தப்புன்னு இப்போ பார்க்க வேண்டாம். அந்தக் குறிப்பை எனக்குப் படிச்சுக் காட்டுங்க" என்றார். படித்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இது எனக்குக் கண்ணுல படவே இல்லை" என்றார். படாததற்குக் காரணம் அதற்கு முன்னால் நான் அடுக்கி வைத்திருந்த 136 குறிப்புகள். அன்று இருவரும் 4 மணி நேரம் பேசினோம். அந்த 214-ஐயும் மறுபடி எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். பொருளோ செய்முறையோ தவறாக இருந்தவை 6. படிப்பவர் தடுமாறக் கூடியவை 31. மீதி 177-உம் எனக்குப் பிடிக்கவில்லை என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லாதவை. நடை என்ற பெயரில் நாங்கள் சண்டை போட்டதில் அந்த 37 நடை பற்றியதே இல்லை. நடை பற்றிய 177-க்கோ சண்டை தேவையே இல்லை.

அதிலிருந்து வைத்துக்கொண்ட ஏற்பாட்டைத்தான் யாராவது என்னிடம் முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைக்கிறேன். ஒவ்வொரு குறிப்பும் "தவறு", "குழப்பம்", "ரசனை" என்ற மூன்றில் ஒரு சொல்லோடு தொடங்க வேண்டும். தவறு என்று குறித்தவை தனியாக, முதலில், மற்றவை எழுதுவதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும். பதில் எழுதாமல் அவற்றை மூடக் கூடாது. குழப்பம் என்றால் யார், எங்கே, எப்படித் தடுமாறுவார் என்று எழுத வேண்டும். அதை எழுத வரவில்லை என்றால் அது குழப்பம் இல்லை, ரசனை. ரசனைக் குறிப்புகள் ஓர் இயலுக்கு 5-க்கு மேல் கூடாது; இயலை எழுதியவர் காரணம் சொல்லாமலே ஒதுக்கலாம். இந்த 5 என்ற எல்லைதான் எனக்கு மிகவும் உதவியது. எதைச் சொல்வது, எதை விடுவது என்று நானே சலித்துப் பார்க்க வேண்டியிருந்தது. சலிக்கும்போது பெரும்பாலானவை சொல்லும் அளவுக்கு இல்லை என்று எனக்கே தெரிந்தது.

"லாம்" விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் தமிழில் தொழில்நுட்பம் எழுதும் எல்லாருக்கும் இது ஒரு நாள் வரும். "நிறுத்தலாம்" என்றால் அனுமதியா, யோசனையா, வாருங்கள் சேர்ந்து நிறுத்துவோம் என்பதா? "சர்வர் நிற்கலாம்" என்றால் நிற்க வாய்ப்பு உண்டு என்பதா, நின்றாலும் பரவாயில்லை என்பதா? "வேண்டும்" என்பதும் அப்படித்தான். கட்டாயமும் அதுதான், நல்ல பழக்கமும் அதுதான். இணையத் தொழில்நுட்ப விதிகளை எழுதுபவர்கள் இந்தச் சிக்கலுக்காகவே 1997-இல் ஆர்எஃப்சி 2119 என்று ஒரு சிறிய ஆவணம் வெளியிட்டார்கள். மஸ்ட் என்றால் விலக்கே இல்லை. ஷுட் என்றால் தகுந்த காரணம் இருந்து, விளைவையும் எடைபோட்டுப் பார்த்த பிறகு விலகலாம். மே என்றால் முழுக்க விருப்பம். நாங்கள் அதைப் பார்த்துத் தமிழுக்கு மூன்று வாய்பாடு வைத்துக்கொண்டோம்: "கட்டாயம் செய்யுங்கள்", "செய்வது நல்லது", "விரும்பினால் செய்யுங்கள்". செய்முறைப் படிகளில் தனி "லாம்" வரவே கூடாது. சாருக்கு வகுப்பில் பழகிய மென்மையான குரல் இது. விடுவது அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் விட்டார்.

நானும் ஒன்றை விட்டேன். விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக உருவான எளிய தொழில்நுட்ப ஆங்கில விதிகளில், செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது என்று உண்டு. அதைத் தூக்கிக்கொண்டு வந்துதான் நான் அத்தனை "நீளம்" போட்டேன். சார் ஒரு நாள் ஒரு வாக்கியம் எழுதி அனுப்பினார்: "சர்வரை நிறுத்தித் தரவை நகலெடுத்து வெளி டிஸ்க்கில் வைத்துச் சரிபார்த்துப் பெயர்மாற்றி மறுபடி இயக்கவும்." எண்ணிப் பாருங்கள், 11 சொல்தான். வேலையோ 6. தமிழில் வினையெச்சத்தைக் கோத்துக்கொண்டே போகலாம், சொல் எண்ணிக்கை எதையும் தடுக்காது. அவர் சொன்னது நியாயம். சொல்லை எண்ணுவதை விட்டுவிட்டு வினையை எண்ணினோம். ஒரு படியில் ஒரு வினைமுற்று, அதற்கு முன் அதிகபட்சம் ஒரு வினையெச்சம். "எடுத்து முடித்ததும்… நீக்கிவிட்டு… பார்த்துக்கொள்ளலாம்" மாதிரி பல வேலைகள் ஆபத்தாக ஒரே வாக்கியத்தில் ஒட்டிக்கொள்வது இதனால் நின்றது. அந்த எட்டாம் இயலின் வரி இப்போது மூன்று படிகளாக இருக்கிறது.

பணம் போனது கலைச்சொல்லால். ஃபைல், சர்வர், பேக்கப் என்று எழுதலாம் என்றார் சார். கோப்பு, வழங்கி, காப்புநகல் என்றேன் நான். பிறகு பார்த்துக்கொள்வோம் என்று தள்ளிப்போட்டோம், ஆளுக்கொரு மாதிரி எழுதினோம், பக்க வடிவமைப்பும் முடிந்த பிறகுதான் முடிவு செய்தோம். மொத்தமாகத் தேடி மாற்றிவிடலாம் என்று நம்பியிருந்தோம். தமிழில் அது நடக்காது. "ஃபைல்" என்று தேடினால் "ஃபைல்கள்" கிடைக்கும். "ஃபைலை", "ஃபைலில்" கிடைக்காது, ஏனென்றால் வேற்றுமை சேர்ந்ததும் அந்தப் புள்ளி போய்விடுகிறது. "சர்வரில்" என்பதில் சொல்லை மட்டும் எடுத்துவிட்டு வழங்கியை வைக்க முடியாது, "வழங்கியில்" என்று நடுவில் ஓர் யகரம் வந்தாக வேண்டும். முன்னும் பின்னும் ஒற்றும் மாறும். ஆக, ஒவ்வோர் இடமாகக் கையால் மாற்றினோம், பக்கங்கள் நகர்ந்தன, படங்கள் இடம் மாறின, வடிவமைத்தவர் முதலிலிருந்து செய்தார். கலைச்சொல் பட்டியலை இரண்டாம் இயலைத் தொடுவதற்கு முன் முடித்துவிடுங்கள். எங்கள் முடிவு இப்படி ஆனது: படிப்பவர் திரையில் பார்க்கிற சொல் திரையில் உள்ளபடியே இருக்கும், கருத்தை விளக்கும்போது தமிழ்ச்சொல், ஒன்றைத் தேர்ந்தெடுத்த பின் கடைசிவரை அதுவேதான். சர்வர் சர்வராகவே நின்றது, கோப்பு வென்றது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஏன் என்று ஒரு வரியும் தேதியும் எழுதி வைத்தோம். காரணம் எழுதாத முடிவு இரண்டு மாதத்தில் மறுபடி சண்டையாக வருகிறது. நாங்கள் "தரவுத்தளம்" பற்றி மூன்று முறை முடிவு செய்திருக்கிறோம்.

ஒற்று மிகுமா மிகாதா, "செய்ய வேண்டும்" சேர்த்தா பிரித்தா, இவற்றை இருவருமே தொடுவதில்லை என்று ஒதுக்கினோம். மெய்ப்புப் பார்ப்பவர் ஒருவரிடம் விட்டோம். அவர் சொன்னதே முடிவு.

நாம், நீங்கள் பிரச்சினைதான் கடைசிவரை இழுத்தது. அதைப் பேசித் தீர்க்க முடியவில்லை, பார்த்துத் தீர்த்தோம். ஒரே பகுதியை அவர் நடையில் ஒன்று, என் நடையில் ஒன்று என்று எழுதி, புதிதாகக் கற்பவர் ஒருவரையும் ஓரளவு பழகியவர் ஒருவரையும் உட்காரவைத்து, எதிரில் செய்யச் சொன்னோம். எது பிடித்திருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டால் மரியாதைக்கு ஏதோ சொல்வார்கள். அவர்கள் கை எங்கே நிற்கிறது, எங்கே முந்தைய பக்கத்துக்குத் திரும்புகிறது என்பதை மட்டும் பார்த்தோம். புதியவர் என் நடையில் மூன்றாவது படியிலேயே நின்றுவிட்டார், ஏன் செய்கிறோம் என்று தெரியாமல். சாருடையதில் மெதுவாக, ஆனால் தடங்கல் இல்லாமல் போனார். பழகியவர் சாருடைய பத்திக்குள் அடுத்த படி எங்கே இருக்கிறது என்று விரலால் தேடிக்கொண்டிருந்தார். என் நடை மோசம் என்று ஒருவர் நேரில் சொல்லியிருந்தால் ஏற்றிருக்க மாட்டேன்; அந்தக் கை நின்றதைப் பார்த்தபோது மறுக்க ஒன்றும் இருக்கவில்லை. கற்றுத்தரும் இயல்கள் "நாம்" என்று சாருடைய நடைக்குப் போயின. அவசரத்தில் திறந்து பார்க்கும் மீட்பு இயல்கள் "செய்யுங்கள்" என்று எண்ணிட்ட படிகளாக என் பக்கம் வந்தன. "செய்யவும்" என்பதை நான் கைவிட்டேன்.

இரண்டாம் பதிப்புக்கான வேலை இப்போது நடக்கிறது. போன வாரம் என்னுடைய பதினோராம் இயலுக்கு சாரிடமிருந்து குறிப்புகள் வந்தன: தவறு 1, குழப்பம் 4, ரசனை 2. அந்தத் தவறு உண்மையிலேயே தவறு, அன்றே மாற்றினேன். சார் தன் இயல்களை எப்போதும் ஒரு கேள்வியோடுதான் தொடங்குகிறார். "உங்கள் டிஸ்க் இன்று போனால் என்ன செய்வீர்கள்?" என்கிற மாதிரி. எனக்கு அது இன்றும் பிடிக்கவில்லை. ரசனைக் குறிப்பாக ஒரு முறை எழுதினேன், ஒதுக்கிவிட்டார். அவருடைய 6 இயல்களும் கேள்வியோடுதான் தொடங்குகின்றன.